பார்த்ததும் மறைகிற ஒன்று

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறியது. நான் பார்த்ததும் மறுபடி பூஜ்யமாகிவிட்டது.

கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. திரை முழுக்கப் பூஜ்யங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, காலை பிரேயரில் பிள்ளைகள் நிற்பதுபோல. அதில் ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் மறுபடி வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

நான் வேலை செய்வது ஏஜிங் ரூமில். ஜன்னல் இல்லாத அறை. பால் சொசைட்டிகளில் பாலைக் குளிர வைக்கும் பெரிய தொட்டிகள் உண்டு. அந்தத் தொட்டிகளை நடத்தும் எலக்ட்ரானிக் போர்டுகளை எங்கள் கம்பெனியில் செய்கிறோம். செய்து முடித்த போர்டுகளை இரும்பு அடுக்குகளில் நிறுத்தி, சூடான அறையில் இரண்டு நாள் விடாமல் ஓட விடுவார்கள். பலவீனமானது அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பு விளக்கு எரியும், பீப் பீப் என்று கத்தும். புனிதா அக்கா அதைக் கழற்றி ரிப்பேர் மேசைக்கு அனுப்புவார். கத்தாமல் ஓடி முடித்தவற்றுக்குச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டு இருந்தால்தான் போர்டு வெளியே போகும்.

என் வேலை எளிது. ஒவ்வொரு போர்டின் சிப்பும் உள்ளே எவ்வளவு சூடாக இருக்கிறது என்று என் திரையில் பார்த்து எழுத வேண்டும். பேச வேண்டியதே இல்லை. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 10

இன்றும் வந்தாள். வேறொரு போர்டில்.

அம்மா வேலை செய்யும் இடத்தில் இஸ்திரிப் பெட்டி கையில் சுட்டுவிட்டது. பற்பசை தடவிவிட்டேன். இரவுக்கு உப்புமா.

ஜூன் 12, வியாழன்

என் திரைக்கு வரும் கேபிளைப் போட்டுக் கொடுத்தவர் ஃபைசல் சார். எங்கள் கம்பெனியில் இருக்கும் ஒரே இன்ஜினியர். போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார், தூணில் இடித்துக்கொண்டால் தூணிடம் சாரி சொல்வார். போன மாதப் பாதிவரை சூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் போர்டை நிறுத்தி, சிப்பின் தலையில் ஒரு கம்பியை ஒட்ட வேண்டும். நிறுத்தினால் அதுவரை ஓடியது வீண். அதனால் சார் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு போர்டின் ஓரத்துக்கும் ஒரு பட்டை வயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே கேபிளாக்கி என் கம்ப்யூட்டரில் செருகினார்.

"சிப்புக்குள்ள சின்னச் சின்ன அறைங்க நெறய இருக்கும்மா. ரிஜிஸ்டர்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் இருக்கும். ஓடற பஸ்ஸை நிறுத்தாம ஜன்னல் வழியா உள்ள எத்தன பேருன்னு பாக்கற மாதிரி, நாம பக்கத்துல இருந்து எட்டிப் பாக்கறோம். அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். நாம பாக்கறது அதுக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

அன்று நான் ஒரு கேள்வி கேட்டேன். நானே எதிர்பார்க்கவில்லை.

"பாத்தா அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

"பாக்கறதுனால என்னம்மா ஆகப்போகுது?"

திரையில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. எந்த அறையிலிருந்து பார்க்க வேண்டும் என்பது ஒன்று, எத்தனை அறை பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. சார் அதில் ஒன்று என்று போட்டிருந்தார். போன மாதக் கடைசியில் ஒருநாள் கீபோர்டைத் துணியால் துடைத்தபோது பக்கத்தில் இரண்டு பூஜ்யம் சேர்ந்து நூறாகிவிட்டது. சூடு இருக்கும் அறை முதல் வரியில் அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு தெருவே திறந்துகொண்டது.

திரும்ப ஒன்றாக மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மாற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, மாற்று என்றும் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்குத் திரையை மட்டும் அணைத்துவிட்டு வருவேன். உள்ளே கம்ப்யூட்டர் இரவெல்லாம் போர்டு போர்டாகப் போய், நொடிக்குப் பல தடவை அறை அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். படுக்கையில் அதை நினைத்துக்கொள்வேன். தூக்கம் நன்றாக வருகிறது.

ஜூன் 14, சனி

புனிதா அக்கா என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். "என்னம்மிணி, டிவிப் பொட்டியாட்ட அதையவே பாத்துட்டிருக்கற? நாடகம் எதாச்சு ஓடுதா?"

நான் சிரித்தேன். அக்காவுக்கு நான் பேசாதது ஒரு குறையே இல்லை. என் பங்கையும் அவரே பேசிவிடுவார். "சாப்ட்டியா? சாப்ட்டிருப்ப. என்ன கொழம்பு? உங்கம்மாளுக்கு எங்க நேரம், ரசந்தான் இருக்கும்." அப்படியே தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பருப்பு என் டப்பாவுக்கு வந்துவிடும். அவர் மகள் நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். அப்பா இல்லாத பெண். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்கா கேள்வி கேட்பதில்லை, சொல்லிக்கொண்டே போவார்.

பள்ளியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் பதில் எதிர்பார்த்தார்கள். தமிழ் டீச்சர் எழுப்பி வாசிக்கச் சொல்வார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். புத்தகத்தில் எழுத்து இருக்கும், எனக்கும் தெரியும். பார்க்கிறார்கள் என்று தெரிந்த நொடியில் எனக்குள் இருப்பதெல்லாம் காலியாகிவிடும். வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நிற்பேன். பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முன்பே போவதை நிறுத்திவிட்டேன். அம்மா இரண்டு நாள் அழுதாள், அப்புறம் தன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டக் கூட்டிப்போனாள். அதன் பிறகு இங்கே வந்தேன்.

அந்த ஒன்றும் என்னைப் போலத்தான் என்று தோன்றுகிறது. பார்த்தால் காணாமல் போகிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

அவள் எப்போது வருகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் பட்டறை. தகட்டை அடித்து வாஷர் வெட்டுகிற பெரிய மெசின் வைத்திருக்கிறார்கள். அதை ஆன் செய்யும்போது எங்கள் டியூப்லைட் ஒரு தடவை மங்கி எரியும். அப்போதுதான் வருகிறாள். எல்லாப் போர்டிலும் இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இருட்டுக் குளத்தில் மீன் மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போவதுபோல.

பிரஸ்காரரைப் பற்றி அக்கா எப்போதும் சொல்வார், "நமக்குச் சம்பளமில்லாத டெஸ்டருடி அந்தாளு." முன்பெல்லாம் லைட் மங்கினால் அடுக்கில் எங்காவது ஒரு போர்டு கத்தும். இப்போது கத்துவதில்லை. அறை அமைதியாக இருக்கிறது. ஃபேன் சத்தமும் போர்டுகளின் ரீங்காரமும் மட்டும்.

மதியம் கண் சொருகியது. அந்தத் தெருவில் நடந்து போனேன். இரண்டு பக்கமும் சின்ன அறைகள், எல்லாக் கதவும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பூஜ்யம் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி ஜிலேபி வாங்கி வந்தார். இந்த மாதம் ஒரு போர்டுகூட ஃபெயிலாகவில்லை. இப்படி நடந்ததே இல்லையாம். "புனிதா, உன்ற கைராசி" என்றார். அக்கா, "என்ற கையி என்னங்க பண்ணுச்சு? சால்டரிங் புள்ளைங்க நல்லாப் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு இரண்டு ஜிலேபி எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றை அம்மாவுக்குக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தேன். காகிதம் முழுக்க எண்ணெய். அம்மா காகிதத்தையும் நக்கினாள்.

ஜூன் 24, செவ்வாய்

செம்மணாம்பாளையம் பால் சொசைட்டியின் செயலாளர் வந்தார். பெயர் பொன்னுச்சாமி. துண்டில் ஒரு போர்டைச் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு பிடித்திருந்தார். துண்டைப் பிரித்ததும் புளித்த பால் வாடை. அறை சூட்டில் அது இன்னும் கிளம்பியது.

மாதத் தொடக்கத்தில் மாட்டிய புதுப் போர்டாம். ராத்திரியில் தானாக நின்றுவிடுகிறது. பட்டனை அழுத்தினால் ஓடும், அழுத்த அங்கே ஆள் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் போர்டு கத்திக்கொண்டிருக்கிறது, தொட்டி நிறையப் பால் கெட்டிருக்கிறது. மூன்று முறை வாய்க்காலில் கொட்டினார்களாம். "நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சுங்க" என்றார்.

சீட்டில் புனிதா அக்காவின் கையெழுத்து இருந்தது.

ஃபைசல் சார் போர்டை வாங்கி எங்கள் அடுக்கில் நிறுத்தி வயர்களை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

ஜூன் 26, வியாழன்

அந்தப் போர்டு நிற்காமல் ஓடுகிறது. லைட் மங்கியபோதும் ஓடியது. பொன்னுச்சாமி மறுபடி வந்தார். போர்டில் கோளாறு இல்லை, உங்கள் ஊர்க் கரண்டில்தான் என்று முதலாளி சொன்னார். பொன்னுச்சாமி சிரித்தார், கோபமாகச் சிரித்தார்.

"இங்க ஓடுதுங்கறீங்க. அங்க ஓடலைங்கறேன். ரண்டு பேர்த்துல பொய் சொல்றது யாருங்க, பாலுங்களா?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று ஃபைசல் சாருக்கே பட்டிருக்க வேண்டும். அவரை அடுக்குக்கு அருகில் அழைத்துப்போய்ப் பொறுமையாக விளக்கினார். கரண்டு தாழ்ந்தால் சிப் ஓர் அறையில் ஒன்று என்று எழுதி வைக்கும். சின்ன மங்கலுக்கு நல்ல போர்டு எழுதாது, தாங்கிக்கொள்ளும். பலவீனமான போர்டுதான் எழுதும். போர்டின் புரோகிராம் சில நொடிக்கு ஒரு முறை அந்த அறையைத் திறந்து பார்க்கும். ஒன்று இருந்தால் தொட்டியை நிறுத்திவிட்டுக் கத்தும். இங்கே கத்தவில்லை, அதனால் ஒன்று எழுதவில்லை என்று அர்த்தம்.

"எழுதுனது அப்படியே இருக்குங்களா அதுல?" என்று பொன்னுச்சாமி கேட்டார்.

"இருக்காதுங்க. தபால் பொட்டி மாதிரின்னு வெச்சுக்கங்க. தொறந்து எடுத்துட்டா காலி. யாராச்சும் ஒருக்காப் பாத்துட்டா அது மறுபடி பூஜ்யமாயிரும். சிப்பை அப்படித்தான் பண்ணியிருக்காங்க."

நான் சூட்டை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு போர்டுக்கு ஒரே எண்ணை எழுதிவிட்டு அப்புறம் அடித்தேன்.

வரும் வழியில் கடலை மாவு வாங்க மறந்துவிட்டு மறுபடி கடைக்குப் போனேன். தபால் பெட்டி என்று சார் சொன்னதை இங்கே ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 27

கண் வலி. இன்று முதல் வரியை மட்டும் பார்த்து எழுதினேன். கீழே பார்க்கவில்லை.

ஜூன் 28, சனி

இன்னும் இரண்டு சொசைட்டியிலிருந்து போன் வந்ததாம். அங்கேயும் பால்.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. "புனிதா, கோவிச்சுக்காத. போர்டை ஓட்டாமயே சீட்டுல கையெழுத்துப் போட்டியா? ஒரு மாசமா ஒண்ணுகூடப் போகலைன்னப்பவே எனக்குத் தோணியிருக்கோணும்."

அக்கா முகத்து வேர்வையைக் கையால் வழித்துவிட்டார்.  பிறகு சொன்னார். "அந்த ரூமுல ஒரு பொழுது நின்னு பாருங்க முதலாளி. வேத்து ஊத்தும். அதுலயே உக்காந்து கெடந்துட்டு நான் எதுக்குங்க பொய்க் கையெழுத்துப் போடோணும்?"

திரும்பி வந்து டப்பாவைத் திறந்தார். எனக்குப் பருப்பு வைக்க மறந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நினைவு வந்து வைத்தார்.

ஜூன் 29, ஞாயிறு

போர்வைகளைத் துவைத்தேன். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. அம்மாவின் கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மாதிரி இருக்கிறது.

நான் திரையைப் பார்க்காவிட்டாலும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். இன்று ஞாயிறு. அறையில் யாருமில்லை. இப்போதும் ஒவ்வொரு தபால் பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன். கம்பியில் போர்வை காற்றில் உப்பி, உள்ளே யாரோ நிற்பதுபோல இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, திங்கள்

அக்கா டீ குடிக்கப் போனபோது கட்டத்தில் நூறை அழித்து ஒன்று என்று போட்டேன்.

தெரு மூடிக்கொண்டது. ஒரே ஒரு வரி. சூடு மட்டும்.

சும்மாதான் போட்டேன். எப்படி இருக்கிறது என்று பார்க்க. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம், பிறகு பிரஸ் கிளம்பியது. டியூப்லைட் மங்கியது. நான் எண்ணத் தொடங்குவதற்குள் பொன்னுச்சாமியின் போர்டில் சிவப்பு எரிந்தது. பீப், பீப், பீப்.

இந்த அறையில் அவ்வளவு சத்தம் கேட்டு நாளாகிவிட்டது. ஓடிப்போய் அதன் பட்டனை அழுத்தினேன். பச்சை வந்தது. நாற்காலிக்கு ஓடி வந்து நூறு என்று போட்டேன். தெரு திறந்தது. எல்லாரும் அவரவர் அறையில் பூஜ்யமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா டீ டம்ளரோடு வந்தார். "சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே அம்மிணி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கேக்கலியா? அப்ப என்ற காதுதான் கத்துது. ஏன் கத்தாது, ரண்டு நாளாத் தூக்கமில்ல."

 

ஜூலை 1

பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. பூஜ்யம்.

ஜூலை 2, புதன்

சனிக்கிழமையோடு அக்காவை நிறுத்துகிறார்கள். முதலாளி கத்தவில்லை. வேறு வழியில்லை, மூன்று சொசைட்டிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றார். ஃபைசல் சார், "போர்டு இங்க நல்லாத்தான் ஓடுதுங்க, அக்கா மேல எப்படிச் சொல்றது?" என்றார். "அப்ப யார் மேல சொல்றது, நீயே சொல்லு" என்று முதலாளி கேட்டார். சார் தரையைப் பார்த்தார். நேற்று முழுக்க அவர் அந்தப் போர்டின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இனிமேல் சீட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

 அக்கா என் தோளில் கை வைத்தார். "நல்லா போடுவ. உனக்குப் பேச்சுத்தான் வராது. கண்ணு நல்லாப் பாக்கும். உன்னையாட்ட யாரு இதையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க?"

மகள் ஹாஸ்டலில் இருந்து வந்துவிட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மகளைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, "அக்கா, நான்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் என்னை நானே பார்த்ததும் சத்தம் நின்றுவிட்டது.

ஜூலை 3

நூறை ஒன்றாக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். தானாகக் கத்தும், அக்கா பிழைத்துக்கொள்வார், யாருக்கும் எதுவும் தெரியாது. மதியம்வரை அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இப்போது கத்தினால், போன மாதம் ஏன் கத்தவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இருப்பது என்னிடம் மட்டும். பதில் இல்லாவிட்டால் அது அக்கா தலையில்தான் விழும். அப்போது ஓட்டாமல் கையெழுத்துப் போட்டாய், இப்போது பயந்து ஓட்டுகிறாய் என்பார்கள்.

கட்டத்தில் கையை வைத்தேன், எடுத்தேன். அந்தத் தெருவும் போய்விடும். போனால் அங்கே நான் மறுபடி போக முடியாது.

அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுவும்தான் காரணம்.

ஜூலை 4, வெள்ளி

தோசை மாவு புளித்துவிட்டது. அம்மா சட்னியை நிறையத் தொட்டுச் சாப்பிட்டாள். எனக்கு அந்த வாடைக்கு இறங்கவில்லை.

ஜூலை 5, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் பொன்னுச்சாமி போர்டைத் திரும்ப வாங்கிப் போக வந்தார். அவரை முதலாளியே ஏஜிங் ரூமுக்குள் அழைத்து வந்தார். ஃபைசல் சாரும் பின்னால் வந்தார். அக்கா தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு டம்ளர், சீப்பு, விபூதிப் பொட்டலம், மகள் சின்ன வயதில் வரைந்த மயில் படம். படத்தைச் சுவரில் ஒட்டியிருந்த டேப் உரிய மறுத்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி போர்டைக் காட்டினார். பதினோரு நாளாக நிற்கவில்லை, இதற்கு மேல் நான் என்ன செய்ய என்றார். பொன்னுச்சாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்குத் துண்டு இல்லை, பை கொண்டுவந்திருந்தார்.

அப்போது லைட் மங்கியது.

என் திரையில் அவள் வந்தாள். பொன்னுச்சாமியின் போர்டில், பிறகு நடு அடுக்கில், பிறகு கடைசியில். ஒன்று, ஒன்று, ஒன்று. வந்த வேகத்தில் போனாள்.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி. "இப்பக்கூட லைட்டு மங்குச்சு. போர்டு நின்னுச்சா? இதுக்கு மேல சாட்சி வேணுங்களா?"

பொன்னுச்சாமி பையை விரித்தார். அந்தப் போர்டு மறுபடி அந்த ஊருக்குப் போகப் போகிறது. அக்கா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மயிலின் கால் கிழிந்து சுவரிலேயே ஒட்டிக்கொண்டது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். நாற்காலி கீச்சென்றது. கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டு அந்தக் கேபிளைப் பிடுங்கினேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பள்ளியில் நடந்ததேதான் நடந்தது. காது அடைத்தது, உள்ளே வெள்ளையாகிவிட்டது. கேபிளின் நுனி என் கையில் இருந்தது. "என்னம்மா பண்ற?" என்று முதலாளி கேட்டார். பதில் வரவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. போர்டைக் கழற்ற ஃபைசல் சார் கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். வேகமாக ஆட்டியிருக்க வேண்டும், சார் கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன சாமி?" என்றார் அக்கா. "ஒடம்பு சரியில்லையா?" அவர் கேட்டதற்கு அவரே பதில் சொல்லவில்லை. காத்திருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தகடு விழும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிரஸ் நின்றிருந்தது. அதை மறுபடி கிளப்பும்வரை எவ்வளவு நேரம் ஆனதோ. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மங்கியது.

முதலில் பொன்னுச்சாமியின் போர்டு. பீப், பீப். பிறகு நடு அடுக்கில் ஒன்று. பிறகு அதன் கீழே, பிறகு கடைசியில். சிவப்பு, சிவப்பு. ஒரு மாதமாகக் கத்தாமல் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்துவதுபோல இருந்தது. பொன்னுச்சாமி பையைக் கீழே போட்டார். "இதே சத்தந்தானுங்க" என்றார். "எங்கூர்ல கேக்கறது இதே சத்தந்தான்."

அக்கா போர்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் காலில்லாத மயில்.

ஃபைசல் சார் என் பக்கம் மெதுவாக வந்தார். என் கையில் இருந்த கேபிளைப் பார்த்தார். "ஜீவிதா" என்றார். சார் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தக் கேபிள்ல நீ எத்தன அறை பாத்துட்டிருந்த?"

என் திரை என் பக்கம் பார்த்துத்தான் எப்போதும் இருக்கும், சுவருக்கு முதுகு காட்டி நான் உட்கார்ந்திருப்பேன், வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. கேபிள் போனதும் எண்கள் நின்ற இடத்தில் நின்றிருந்தன. கட்டத்தில் நூறு என்று இருந்தது.

இரண்டு கையாலும் திரையைப் பிடித்து அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.